பெயரை நிறுத்திய வீடு

எங்கள் கடைக்கு டார்ச் வாங்க வரும் நிக்கோபாரி வீட்டார் சில வருடங்கள் அதை டார்ச் என்று சொல்லவே இல்லை. அலமாரியைக் கைகாட்டி, “கையில பிடிக்கிற வெளிச்சம் ஒண்ணு குடுங்க” என்பார்கள். மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் ஒருவர், “இவங்களுக்கு டார்ச்னுகூடச் சொல்லத் தெரியாதா?” என்று சிரித்தார். நன்றாகத் தெரியும். அந்தச் சாமானின் பெயரையே தன் பெயராக வைத்திருந்த பெரியவர் ஒருவர் அதற்கு முந்தின மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தார். அதனால் சொல்லவில்லை.

எல்லோரும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். சர்ச்சுக்குப் போகும் இளவட்டங்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. ஜெட்டிக்குத் தெற்கே தென்னைகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஏழெட்டு வீடுகள் மட்டும் பழைய வழக்கத்தை விடாதவை. ஒருவர் போய்விட்டால் அவருடைய பெயர் அன்றோடு நிற்கும். ஊரில் அதே பெயர் உள்ளவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெயர் ஒரு மீனையோ காற்றையோ குறிக்கும் சொல்லாக இருந்தால் அந்தச் சொல்லையும் விட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கப்பலில் கொண்டுவந்து இந்தத் தீவில் ரப்பர் வெட்ட விட்டார்கள். நான் இங்கே தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். இங்கே இருந்த பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். சுனாமியில் கடல் ஏறிய வருடத்துக்குப் பிறகு ரப்பர் வேலை தேய்ந்துபோனது. என் வீட்டுக்காரர் ஜெட்டியில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டும் வேலைக்குப் போனார். நான் ஜெட்டி ஓரத்தில் டீக்கடை போட்டேன். தேங்காய் ரொட்டி, சம்பல், டீ. மூலையில் கொஞ்சம் சோப்பும் பேட்டரியும். எனக்கு ஆட்களோடு பேச வராது. ரொட்டி சுடும்போது யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அந்தத் தெற்கு வீட்டுப் பெண். எங்கள் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடி, ஹிந்திக்கு முன்னாலேயே தமிழ் பேசப் பழகியவள். எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் சும்மா ‘வந்தான்’ என்று சொல்ல முடியாது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். கடல் பக்கமிருந்து வந்தானா, காட்டுப் பக்கமிருந்து வந்தானா, வடக்கேயிருந்தா, தெற்கேயிருந்தா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“உங்க ஆளுங்கதான் வானத்துலேருந்து குதிச்ச மாதிரி வந்துட்டேன் வந்துட்டேங்கிறீங்க. எங்க பாஷையில அப்படி வந்துற முடியாதுக்கா. எங்கேருந்தாவதுதான் வரணும்” என்பாள்.

இன்னொன்றுக்கும் என்னைக் கேலி செய்வாள். நான் என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வேன். அவளுக்கு அது பெரிய வேடிக்கை.

“உசுரோட இருக்கிற மனுசன் பேரச் சொல்ல மாட்டீங்க. செத்துட்டா மட்டும் பேரச் சொல்லிச் சொல்லி மாரடிச்சுப் பாட்டுப் பாடுறீங்க. எல்லாம் உல்ட்டா!”

அவள் புருஷன் டுங்கி ஓட்டுபவர். அந்தச் சின்ன எஞ்சின் படகில் பக்கத்துத் தீவுகளுக்கு வாழைத்தாரும் ஆட்களும் ஏற்றிப்போவார். என் வீட்டுக்காரரும் அவரும் மச்சான் மச்சான் என்று பேசிக்கொள்வார்கள். டுங்கி கண்ணில் பட்டவுடனே இவர் ஜெட்டி முனையில் நின்று அந்தப் பெயரை ஊருக்கே கேட்கும்படி கத்துவார். “ஏய், இன்னிக்கும் மூழ்காம வந்துட்டியா? உன் பொஞ்சாதிகிட்ட வேற கல்யாணத்துக்குச் சொல்லி வச்சிருந்தேனே!” அவர் பதிலுக்குப் படகிலிருந்து ஒரு தேங்காயை இவர் காலடிக்குக் குறிவைத்து எறிவார்.

தெற்குக் காற்று மாறுகிற சமயத்தில் ஒரு நாள் காலை அவர் பக்கத்துத் தீவுக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை.

போலீஸ் படகு போனது. மேலே விமானம் ஒன்று வட்டமடித்துப் போனது. நீரோட்டம் கிழக்கே இழுக்கும் காலம் என்பதால் கிழக்கில் தேடினார்கள். ஜெட்டி வயர்லெஸ் அறையில் என்ன சொல்கிறார்களோ அதை என் வீட்டுக்காரர்தான் போய் அந்த வீட்டில் சொல்லிவிட்டு வருவார்.

அந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தை விடப் பயம். வீடு முழுக்க ஒரே பெயர். அவள் புருஷனின் அண்ணன், ஊரில் எல்லோரும் கேப்டன் என்று அழைக்கும் தலைவர், எதைச் சொன்னாலும் தம்பி பெயரை நடுவில் வைத்தே சொன்னார். தண்ணீர் கேட்டாலும் அவன் குடிக்கிற சொம்பில் கொடு என்று பெயர் சொல்லிக் கேட்டார். பிள்ளைகள் ஓடி விளையாடும்போதும் அந்தப் பெயரைக் கத்தினார்கள். அப்படிக் கத்தச் சொல்லியிருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கும்வரை பெயர் நிற்கக் கூடாது. நின்றால் அவரைப் போகவிட்டதாக ஆகிவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் மட்டும் தனியாகக் கடற்கரைக்குப் போவாள். தண்ணீர் முழங்காலைத் தொடும் இடத்தில் நின்று புருஷன் பெயரைக் கூப்பிடுவாள். ஒரு முறை நீட்டிக் கூப்பிட்டு, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி கூப்பிடுவாள். கடையில் அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அது தெளிவாகக் கேட்கும். சில சமயம் அவள் நிறுத்தின பிறகும் கேட்பது போல இருக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “காத்து” என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு நாள் வயர்லெஸ்ஸில், தேடுவதை நிறுத்தவில்லை, நாளைக்கு இன்னொரு கப்பலும் சேர்ந்துகொள்ளும் என்று செய்தி வந்தது. நல்ல செய்திதான். என் வீட்டுக்காரர் சொல்லப் போனார். நானும் ஒரு டப்பாவில் ரொட்டி எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

வழக்கமாக அவர், தூண் மேல் நிற்கும் அந்த வீட்டின் ஏணிக்குக் கீழே நின்று மச்சான் பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றியதோ. இத்தனை நாள் ஆகிவிட்டதே, இந்த வீட்டில் போய் அந்தப் பெயரைக் கத்துவது மரியாதையா என்று நினைத்திருக்கிறார். அவர்கள் வழக்கத்தில் பாதிதான் அவருக்குத் தெரியும். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, ஒருவேளை அப்படி ஆகியிருந்தால் நம் வாயால் தப்பு வேண்டாம் என்று ஒரு முன்ஜாக்கிரதை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, “உன் வீட்டுக்காரரத் தேடிக்கிட்டுதாம்மா இருக்காங்க. நாளைக்கு இன்னொரு கப்பலும் வருது. கவலப்படாத” என்றார்.

மேலே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் நின்றது. கேப்டன் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரொட்டி டப்பாவை நீட்டியபடி நின்றேன். யாரும் வாங்கவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. “நீங்க பேரச் சொல்லலையே” என்றேன்.

“ஏன், சொல்லணுமா?”

“வயர்லெஸ்காரங்ககிட்ட இருந்து வர்ற ஆளு நீங்க. நீங்களே சொல்லலைன்னா அவுங்க என்னான்னு நினைப்பாங்க?”

அவர் அப்படியே திரும்பி ஓடினார். நான் பின்னால் போவதற்குள் கேப்டனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். “நான் செத்துட்டான்னு சொல்லவே இல்லையே! கப்பல் வருதுன்னுதானே சொன்னேன்?” பதறிப்போய் அந்தப் பெயரையும் இரண்டு மூன்று தரம் சொன்னார். கேப்டன் காதைப் பொத்திக்கொண்டார்.

“பஸ் கரோ, பாய், போதும்” என்றார் கேப்டன். அவர் குரலில் கோபம் இல்லை. “வாய் சொன்னது வேற, நீ சொல்லாம விட்டது வேற. பேரு நின்னது நின்னுருச்சு.”

மறுநாள் காணாமல் போனவருடைய சாமான்களை உடைத்தார்கள். இதுவும் வழக்கம்தான். மீன் குத்தும் ஈட்டியை இரண்டாக ஒடித்தார்கள். சாப்பிடும் தட்டில் ஓட்டை போட்டார்கள். சட்டைகளைக் கிழித்தார்கள். எல்லாவற்றையும் கடலைப் பார்த்து நட்ட ஒரு கம்பத்தின் அடியில் வைத்தார்கள். பன்றிகள் சிலவற்றை அடித்தார்கள். ஊரில் அதே பெயர் கொண்ட கைக்குழந்தை ஒன்றுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். அது பழைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருக்கவில்லை என்பதால் சிரமம் இல்லை.

அன்று சாயங்காலம் கரையில் யாரும் கூப்பிடவில்லை. அத்தனை நாள் அந்தக் குரலுக்குப் பயந்த எனக்கு, குரல் இல்லாததற்கு அதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டொரு நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். தலையை மழித்திருந்தாள். வேறு ஆட்கள் போகும்வரை நின்றிருந்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“அக்கா, நெசமா என்னா சொன்னாங்க வயர்லெஸ்ல?”

“தேடுறோம்னுதான் சொன்னாங்க. இன்னமும் தேடுறாங்க.”

“யாரத் தேடுறாங்க?”

 அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “தேடுறவங்களுக்குப் பேரு இருக்கு. எனக்குத்தான் இல்ல. நான் கரையில போய் நின்னா வாய் சும்மா தொறந்து தொறந்து மூடுது. மீன் மாதிரி” என்றாள். அவர் உயிரோடு இருப்பதாகத்தான் அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால், தான் கூப்பிடாத ஒவ்வொரு சாயங்காலமும் அவரை இன்னும் தூரம் தள்ளிவிடுவதாகவும் தோன்றியது. இதை அவள் வீட்டில் சொல்ல முடியாது. என்னிடம் சொன்னாள். நான் வெளியில் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் தினமும் கடையை மூடிவிட்டு அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பேச எதுவும் இருக்காது. அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் பன்றிகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

பகலெல்லாம் காட்டில் திரியும் பன்றிகளை அந்தி நேரத்தில் தேங்காய் போடக் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வீடு சத்தம் வேறு. தன் வீட்டுச் சத்தத்துக்குத்தான் பன்றி வரும். அந்த வீட்டில் கூப்பிடுவது அவள் புருஷன்தான். இரண்டு நீண்ட சத்தம், இரண்டாவது கேள்வி கேட்பது போல மேலே ஏறி அறுந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டது. கூப்பிடாமலே வந்து வீட்டுக்கடியில் படுத்திருந்த மிச்சப் பன்றிகள் எழுந்து, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின.

வீட்டில் யாரும் அசையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா, உங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குது.”

“எந்தப் பக்கம்?”

“காட்டுப் பக்கம். மேக்கால.”

அவள் முகம் மாறியது. கடலில் போனவர் கடல் பக்கமிருந்துதானே வர வேண்டும். மேற்கே காட்டுக்கு அப்புறம் ஒரு கரை இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் பெரிய ஊர் இருந்தது. கடல் ஏறிய காலையில் தண்ணீர் அந்த ஊரை ஆட்களோடு எடுத்துக்கொண்டுபோனது. அதற்குப் பிறகு அந்தக் கரைக்கு யாரும் போவதில்லை. தேடிய படகுகளும் போகவில்லை.

“கோயி ஜவாப் மத் தேனா” என்றார் கேப்டன், எனக்கும் புரிய வேண்டும் என்று ஹிந்தியில். யாரும் பதில் கொடுக்காதீர்கள்.

சத்தம் மறுபடி வந்தது. இப்போது கிட்டத்தில். நான் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். தென்னைகளுக்கு நடுவில் ஓர் ஆள் எங்களுக்கு முதுகு காட்டி, குனிந்து நின்றிருந்தார். ஒரு கையில் கம்பு. பன்றிகள் அவர் காலைச் சுற்றி நெருக்கியடித்தன.

அவள் என் காதருகில் சொன்னாள். “என்னால பேரச் சொல்ல முடியாது. நீங்க சொல்லலாம்க்கா. உங்களுக்கு அந்த வழக்கம் கெடையாது. கூப்புடுங்க. மனுசன்னா திரும்புவாரு.”

நான் யாரையும் உரக்கக் கூப்பிட்டவள் இல்லை. ஆனால் அவள் என் மணிக்கட்டை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

பன்றியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. ஆள் திரும்பவில்லை.

இன்னொரு முறை கூப்பிட்டேன். அவர் தோள் இரண்டும் குறுகியது, முதுகில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல. அப்போதும் திரும்பவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்து, வீட்டை விட்டு விலகிப் போகத் தொடங்கினார்.

கேப்டன் பெருமூச்சு விட்டார். “பார்த்தீங்களா” என்றார் என்னிடம். அவள் கையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  உயிருள்ள ஒரு ஆள் தன் பெயரைக் கேட்டுத் திரும்பாமல் போவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த ஆள் போகும்போது ஒரு காலை இழுத்து இழுத்துப் போனார். குதிகாலில் பெரிய புண். ஒரு பன்றி அதை முகர்ந்துகொண்டே பின்னால் போனது. அதை அவளிடம் சொன்னேன். “கால்ல புண்ணு இருக்கு. பன்னி மோந்து பாக்குது.”

அவள் எழுந்தாள். கேப்டன் தடுக்கக் கையை நீட்டுவதற்குள் ஏணியில் இறங்கிவிட்டாள். கீழே நின்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது நான் கேட்டிராத சொல். அங்கிருந்த யாரும் கேட்டிராத பெயர் என்று பிறகு தெரிந்தது. அந்த இடத்தில் அவள் வாயில் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது.

அவர் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் இன்னொரு முறை அதையே சொன்னாள். அவர் மெல்லத் திரும்பினார். தாடியும் உப்புப் படிந்த முகமுமாக இருந்தாலும் அவர்தான். அவள் ஓடிப்போய் அவர் முகத்தையும் கையையும் புண்ணையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்துக் கத்தினாள். “சூடா இருக்காரு! சூடா இருக்காரு!”

வீட்டுக்குள் அவரை ஏற்றுவதற்குக் கேப்டன் கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்தப் புதுப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்து, கை கொடுத்து ஏற்றிவிட்டார். விஷயம் கேட்டு என் வீட்டுக்காரர் ஜெட்டியிலிருந்து ஓடி வந்தார். ஏணியடியில் நின்று வாயைத் திறந்தார், எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மச்சான் என்று மட்டும் சொல்லி அழுதார்.

அன்று நான் கொண்டுபோயிருந்த டப்பாவில் இருந்த ரொட்டியைத்தான் அவர் முதலில் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் பாஷையில் பேசினார். அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். எஞ்சின் நின்றதும் நீரோட்டம் கிழக்கே போகாமல் தீவைச் சுற்றி இழுத்துப்போய் மேற்குக் கரைப் பாறையில் டுங்கியை அடித்திருக்கிறது. கால் கிழிந்து வீங்கி நடக்க முடியவில்லை. பழைய ஊரின் தென்னைகளுக்கு அடியில் விழுந்த தேங்காயும் மழைத்தண்ணீருமாகக் கிடந்திருக்கிறார்.

“அங்க பொழுது சாயும்போதெல்லாம் யாரோ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம்” என்றாள் அவள். “ஒரு தடவ கூப்புட்டு, நிறுத்தி, மறுபடி கூப்புட்டு. அந்த ஊர்ல செத்துப்போனவங்கதான் கூப்புடுறாங்கன்னு இவரு பதிலே சொல்லலையாம். பேரக் கேட்டாலே திரும்பக் கூடாதுன்னு மனசுல கட்டிக்கிட்டாராம்.” நான் கூப்பிட்டபோது ஏன் திரும்பவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. அவருக்கு நானும் அந்தக் கரை ஆளாகத்தான் தோன்றியிருக்கிறேன். புதுப் பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. அதனால்தான் அதற்குத் திரும்பினார்.

“அப்புறம் ஒரு நாளு கூப்புடுறது நின்னுருச்சாம். அதுக்குத்தான் ரொம்பப் பயந்துட்டாராம். இனிமே இங்க இருந்தா நானும் இவுங்கள்ல ஒருத்தன்னு நினைச்சுக்கிட்டு, அன்னிக்கே கம்ப ஊணிக் கௌம்பிட்டாராம்.”

“அப்ப நான் வாய மூடினது நல்லதாப் போச்சு” என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிக்கத் தோன்றாததற்கு வேறு ஒரு காரணம். அவள் நின்று கூப்பிட்டது கிழக்குக் கரையில். அவர் கிடந்தது மேற்கில். நடுவில் முழுத் தீவும் இருக்கிறது, மலையும் காடும். கப்பல் சங்கு ஊதினாலும் அந்தப் பக்கம் கேட்காது.

அவளுக்கும் அதே நினைப்பு ஓடியிருக்க வேண்டும். அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே சுருக்கமாகப் பதில் சொன்னார். அவள் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. மறுநாள் கடையில் நான் கேட்டேன்.

“யாரு குரல் மாதிரி இருந்துச்சுன்னு கேட்டேன்க்கா. ‘உன் குரல் மாதிரியேதான். அதனாலதான் பதில் சொல்லல’ன்னாரு.”

இப்போது அவர் மறுபடி டுங்கி ஓட்டுகிறார், வேறு ஒருவருடைய டுங்கி. புதுப் பெயரில்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவள் மட்டும் அதையும் தூரத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்வதில்லை. சோறு ஆகிவிட்டது என்றாலும், ஆள் வந்திருக்கிறார் என்றாலும், அவர் எங்கே இருந்தாலும் அங்கே வரைக்கும் நடந்துபோய், முன்னால் நின்று முகத்தைக் காட்டி, தோளைத் தொட்ட பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.